அம்மாவின் பழைய சைக்கிளை இரும்புக் கடைக்குப் போடலாமா?

கீரனூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் ஊர் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைத் திருச்சிக்கு எங்களோடு கூட்டிக்கொண்டு வருகிறோம். ஆட்டுக்கல், அம்மி, பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றும் யாருக்கு என்று முடிவாகிவிட்டது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிற அம்மாவின் சைக்கிள் மட்டும்தான் பாக்கி. ஹெர்குலஸ் பார் வண்டி. ரெண்டு டயரும் உளுத்துப்போய்விட்டன, சீட்டில் தோல் இல்லை, செயின் முழுக்கத் துருவேறி ஒரே கட்டியாக நிற்கிறது. இரும்புக் கடைக்காரர் வந்து ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, எடைக்குத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் போட்டுவிடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை, நாங்கள் போகிற வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் எட்டாவது படிக்கும் என் மகள், "சைக்கிள்தானே அம்மாச்சி, இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் ஒன்றும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு 1991, 92 என்றால் சட்டென்று விளங்கும். அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது 28 வயது. அதுவரைக்கும் ரேகை வைத்துக்கொண்டிருந்தவர், ராத்திரி அரிக்கேன் விளக்கில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். பகலில் ஓட்டினால் சிரிக்கிறார்கள் என்று பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்கூடத்துத் திடலில் நாலைந்து பேராகச் சேர்ந்து சைக்கிள் பழகினார்கள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தர் ஏற, ரெண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். அம்மா கண்மாய்க் கரையில் விழுந்து முழங்காலில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு நாளைக்கு ரெண்டு தடவைதான் பஸ். அதை விட்டால் நடை. இல்லையென்றால் வீட்டு ஆம்பளை யாராவது ஓட்டிக்கொண்டு போக மனது வைக்க வேண்டும். அப்பா லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். கத்தரிக்காய் முற்றிப்போய்ச் செடியிலேயே கிடக்கும். வண்டி வந்த பிறகு அம்மா விடியற்காலையில் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு கீரனூருக்குப் போய் விற்றுவிட்டு நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிடுவார். முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைப்பார். கன்னத்தில் அந்தக் காலைக் குளிர் அடித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல்தான் பார் வண்டி வாங்கியது. அப்புறம் பிள்ளையை உட்கார வைக்கப் பார் இருப்பதே வசதி என்று அதையே வைத்துக்கொண்டார்.

வண்டி ஓடி 15 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அம்மா அதைத் துடைத்து, ஹேண்டில் பாரில் திருநீற்றுப் பட்டை போட்டு, மணியின் மேல் சந்தனம் குங்குமம் வைப்பார். போன வருஷமும் வைத்தார்.

இதை மறுபடி ஓட வைக்க முடியுமா, எவ்வளவு செலவாகும்? வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்குக் கிடைக்காமல் இருந்து, இப்போது நமக்குச் சாதாரணமாகிவிட்ட ஒன்று உண்டா? மகளிடம் சொல்ல எனக்கு இந்த ஒரு கதைதான் இருக்கிறது. இன்னும் நாலு இருந்தால் நன்றாக இருக்கும்.

*

பால்ரஸ்:

சகோதரி, முதலில் அந்த இரும்புக் கடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான். பழைய ஹெர்குலஸ் ஃபிரேம் நல்ல கனமான குழாய். மேலே துரு இருக்கும், உள்ளே தின்றிருக்காது. பார் சேருகிற மூட்டுகளிலும் கீழே பெடல் அச்சு இருக்கிற இடத்திலும் விரலால் தட்டிப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகக் குத்தியும் பாருங்கள். ஓட்டை விழாமல் இருந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

டயர் 28 ஒன்றரை சைஸ், இன்றைக்கும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. டியூபும் அப்படித்தான். முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. ஒடிந்ததை மட்டும் மாற்றி ரிம்மைக் கோட்டம் எடுத்தால் போதும். செயினுக்காக மெனக்கெட வேண்டாம், புதுசு போட்டுவிடுங்கள். ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் பெரும்பாலும் சுற்ற ஆரம்பிக்கும். பிரேக் கட்டை நாலும் மாற்ற வேண்டும். கஷ்டமான வேலை காட்டர் பின்தான். பெடல் கையை அச்சோடு பிடித்திருக்கிற ஆணி அது, இத்தனை வருஷத்தில் இறுகிப்போயிருக்கும். யாராவது சுத்தியலை எடுத்து நேராக அடிக்க வந்தால் விடாதீர்கள், அச்சு வளைந்துவிடும். ரெண்டு மூணு நாள் எண்ணெய் விட்டு விட்டு வைத்து, அடியில் முட்டுக் கொடுத்துத்தான் தட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தாலும் புது வண்டி விலையில் பாதிகூட வராது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பெயின்ட் அடிக்காதீர்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பழைய நிறம் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவும் தெரியும்.

அந்த வருஷங்கள் எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன, பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். கடையில் வாடகைக்கு எட்டு வண்டி வைத்திருந்தோம். அதுவரைக்கும் மணிக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் பையன்கள். திடீரென்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கல் குவாரியில் வேலை பார்க்கிற அக்காமார், நடவுக்குப் போகிறவர்கள், கையில் குழந்தையோடு வந்தவர்கள். கடை வாசலுக்கு வரக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிடுவார்கள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன். வாடகை நோட்டில் பெயர் எழுத வேண்டும், இல்லையா? ஒருநாள் ஒரு அக்கா, "குடு தம்பி, நான் எழுதுறேன்" என்று நோட்டை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். வரிசை கோணலாகி அடுத்த ரெண்டு வரியையும் அடைத்துக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவரிடம் வாடகையும் வாங்கவில்லை.

கீரனூர் எனக்குத் தூரம்தான். ஆனாலும் வேண்டுமென்றால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். காசுக்காகச் சொல்லவில்லை.

*

கிழக்குத்தெரு:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில். இதுவும் சைக்கிள்தான்.

எனக்கு மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமம். அப்பா ஈபியில் ஹெல்பராக வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸில் சைக்கிள் வாங்கினார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வர வேண்டுமானால் ஊர்த் தெரு வழியாகத்தான் வர வேண்டும், வேறு பாதை இல்லை. அந்தத் தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில் அப்பா இறங்கிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்து, மடைக்குப் பக்கத்தில் மறுபடி ஏறிக்கொள்வார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்தால் நானும் இறங்கி நடக்க வேண்டும். சின்ன வயதில் அந்த இடத்தில் எல்லாரும் இறங்குவார்கள் போலிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படிக்கும்போது என் கூடப் படித்த பையன் அதே இடத்தில் இறங்காமல் மணி அடித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "நாம மட்டும் ஏம்ப்பா இறங்குறோம்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

தீண்டாமையை ஒழித்ததாக அரசியலமைப்பின் 17வது பிரிவு 1950லிருந்தே சொல்கிறது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. அப்படியும் 2015ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை முதல்முறை படித்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன். எங்கள் அப்பா தினமும் நடந்த அந்த இருநூறு அடி, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் ஊரில் அது ஒரே நாளில் மாறவில்லை. 90களின் கடைசியில் வெளியூர் போய்ப் படித்துவிட்டு வந்த நாலு அண்ணன்மார் சேர்ந்து இறங்காமல் போனார்கள். அடிதடி, போலீஸ், பஞ்சாயத்து எல்லாம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் இறங்குவது நின்றது. அப்பா மட்டும் ரிட்டயர் ஆகும் வரைக்கும் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தன்னை அறியாமல் பிரேக் பிடிப்பார்.

இப்போது என் மகன் அதே தெருவில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறான். அவனைத் திட்டத்தான் வேண்டும், கையை விட்டு ஓட்டினால் விழுந்துவிடுவான். ஆனால் எனக்கு வாய் வருவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து அவன் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா, வண்டியைப் போடாதீர்கள். எங்கள் அப்பா வண்டி திருட்டுப் போய்விட்டது. அது இருந்திருந்தால் மகனுக்குக் காட்டியிருப்பேன்.

*

மூன்றாம்மாடி:

எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அப்பாவின் ஸ்கூட்டரை இப்படித்தான் பாசத்தில் சென்னைக்குக் கொண்டுவந்து குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினேன். முதல் வருஷம் துடைத்தேன். அப்புறம் வேலை, பிள்ளைகள், ஓட்டம். நாலாவது வருஷம் அதன் மேல் யாரோ பெயின்ட் டப்பா அடுக்கி வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் ஏறிய ஒரு டிசம்பருக்குப் பிறகு அதைப் பார்க்கவே எனக்கு வேதனையாக இருந்தது. கடைசியில் எடைக்குத்தான் போட்டேன். ஊரிலேயே யாருக்காவது கொடுத்திருந்தால் அப்பா வண்டி இன்னும் நாலு வருஷம் ஓடியிருக்கும்.

அம்மாவுக்கு அந்த வண்டி பிடித்துப்போனதே அது ஓடியதால்தான். அவருக்குக் கத்தரிக்காய்க் காசு கொடுத்தது, யாரையும் கேட்காமல் கீரனூருக்குப் போய்வரக் கொடுத்தது எல்லாம் அந்த ஓட்டம்தான். அதைத் திருச்சியில் ஒரு பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பிக்குக் கீழே நிறுத்தினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று. உங்கள் பதிவை ரெண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் என்ன சொன்னார், மகள் என்ன சொன்னாள், இரும்புக் கடைக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று மட்டும் இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

*

கீரனூர்க்காரி:

@மூன்றாம்மாடி, நேற்று ராத்திரி உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. கேட்டால் அழுவார் என்று பயந்து நாங்களாகவே பேசிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

@கிழக்குத்தெரு தம்பி, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "இறங்கித் தள்ளணுமா? ஏன்?" என்று கேட்டாள். இந்தத் தடவை நான் பேசாமல் இருக்கவில்லை. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசினோம்.

*

கோண்டாவில் பெடியன்:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம். சைக்கிள் என்டு கண்டதும் எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு.

90களில் எங்களுக்குச் சைக்கிள்தான் எல்லாம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராது, ஆருக்காவது கிடைத்தாலும் விலை கேட்க ஏலாது. கரண்டும் இல்லை. டொக்டரும் சைக்கிளில், மாப்பிள்ளையும் சைக்கிளில், பிள்ளைப்பெறுவுக்குப் போற அம்மாவும் சைக்கிள் கரியரில். அம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், தினமும் ஏழு மைல் உழக்கிப் போய் வருவார். பற்றரியும் தடை, அதனால் பின்னேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றுவோம், டைனமோவில் ரேடியோ பாடும். நான் சுற்ற அண்ணா செய்தி கேட்பார். கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும், அண்ணா கத்துவார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. மழை. எங்கள் அப்பா சைக்கிளின் கரியரில் அரிசி மூட்டை, ஹான்டிலில் இரண்டு பக்கமும் பை, பாரில் நான். உழக்க இடமில்லை, அவ்வளவு சனம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. இவ்வளவும் ஏற்றின சைக்கிளை அப்பா அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்தார். இறங்கித் தள்ளுறது என்டு கிழக்குத்தெரு எழுதினதைப் படிக்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதுக்குப் பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பினதும் எங்களுக்கும் இறங்குற இடங்கள் வந்தது. ஒவ்வொரு ஆமிக் காவல் சென்றிக்கும் முன்னால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு கடக்க வேணும். கம்பஸுக்குப் போற வழியில் அப்படி எத்தினை இடம் என்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டே போவேன். பின்னேரம் இருட்ட முதல் வீட்டுக்கு வந்துவிட வேணும். எங்கள் அம்மம்மா ஆறு மணிக்குப் படலையைச் சாத்தினால் அவ்வளவுதான்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். போன முறை சப்பறத்தண்டு இரவு சாமி பார்த்துவிட்டு, வீதியில் கச்சான் வாங்கிக்கொண்டு, நானும் மனுசியும் மகளும் மூன்று சைக்கிளில் பதினொரு மணி போல வீட்டுக்கு வந்தோம். வழியில் ஒருத்தரும் மறிக்கவில்லை. ஆரையும் பார்த்து இறங்கவும் இல்லை. மகள் முன்னுக்குப் போய் மணி அடித்துக்கொண்டு போனாள். இதிலே சொல்ல என்ன இருக்கு என்டு அவளுக்குத் தோன்றும். எனக்கு நெஞ்சடைத்துப் போச்சு. அம்மம்மா இருந்திருந்தால் படலையில் நின்றிருப்பார்.

எங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்டு நான் சொல்ல வரவில்லை. காணி திரும்பக் கிடைக்காத சனம் இருக்கு, பிள்ளையைத் தேடிக்கொண்டு இன்னும் வீதியில் இருக்கிற அம்மாமார் இருக்கினம். ஆனால் அந்த இரவு எனக்குப் பெரிசு.

அப்பாவின் அந்தச் சைக்கிளை நாங்கள் விற்கவில்லை. மகள் உழக்கினது அதைத்தான்.

*

ப்ளஸ்ஒன் செட்:

சின்னதாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிள் வாங்கியவள். பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நூறு சைக்கிள் நின்றது, எல்லாம் ஒரே நிறம், எது என்னுடையது என்று தெரிய ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். என் அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டாள். மார்க் இல்லாமல் இல்லை, "வயசுக்கு வந்த புள்ள அவ்வளவு தூரம் நடந்து போக வேணாம்" என்று நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். நான் இப்போது செவிலியராக இருக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் அக்கா என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொள்வாள். அப்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது.

கீரனூர் அக்கா, உங்கள் அம்மா மாதிரி 92ல் திடலில் விழுந்து எழுந்தவர்கள் இல்லாவிட்டால், பெண்பிள்ளை சைக்கிளில் போவது எங்கள் ஊருக்கெல்லாம் பழகியிருக்காது. அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

*

கீரனூர்க்காரி:

ஊருக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்.

முதலில் எல்லாப் பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் போனை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே மெதுவாகப் படித்தார். ப்ளஸ்ஒன் செட், நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தார். "இந்தப் புள்ளைக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

அப்புறம் கேட்டேன். வண்டியை என்னம்மா செய்யலாம்? அழுவார் என்று நினைத்தேன், அழவே இல்லை. உடனே, "ஓடுமா அது?" என்றார். சரி பண்ணினால் ஓடும் என்கிறார்கள் என்றேன். "ஓடுனா நான் ஒரு தடவ கீரனூர் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். அப்புறம் நம்ம ஊருப் புள்ளைக எதுக்காச்சும் குடுத்துரு. திருச்சியில மாடியில வச்சு நான் என்ன பண்ண?" என்றார். இவ்வளவுதான். நாங்கள் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை அவர் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. மூன்றாம்மாடி, உங்களுக்கு நன்றி.

பால்ரஸ் அண்ணன் சொன்ன மாதிரியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். பஸ்ஸில், சாக்குப் பையில் சாமான்களோடு. காட்டர் பின்னுக்கு நாங்கள் வியாழக்கிழமையிலிருந்தே பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு எண்ணெய் ஊற்ற வைத்திருந்தோம், ஒரு பக்கம் சுலபமாக வந்துவிட்டது, இன்னொரு பக்கம் மதியம் வரைக்கும் ஆட்டம் காட்டியது. பெடல் அச்சைக் கழற்றியபோது உள்ளே பால்ரஸ் குண்டு எல்லாம் கறுத்துப்போய் மிளகு மாதிரி கொட்டியது. என் மகள் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். அண்ணன் புது டயரை ரிம்மில் ஏற்றும்போது அம்மா பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வால்வு நேராக இருக்கிறதா என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தார். அவரும், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். காசு வாங்க மாட்டேன் என்றவரை அம்மா விடவில்லை. சாமான் காசைக் கொடுத்து, மேலே ஒரு பை கத்தரிக்காயும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி வேறு, நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. கீரனூர் வரைக்கும் போகவில்லை, கண்மாய் முக்கு வரைக்கும் போய்த் திரும்பினார். ஏறும்போது நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். கொஞ்ச தூரத்தில், "விடுங்கடி" என்றார். விட்டோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

வண்டியை யாருக்குக் கொடுப்பது என்று அம்மாவே ஒரு பிள்ளையைச் சொல்லிவிட்டார், காலனியிலிருந்து கீரனூருக்கு நடந்து போய்ப் படிக்கிற பிள்ளை. ஆயுத பூஜை வரைக்கும் எங்களிடம் இருக்கட்டும், பூஜை போட்டுக் கையில் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் என் மகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கு வந்து பழகப் போகிறாளாம். அவளுக்குக் கியர் சைக்கிள் ஓட்டத் தெரியும், இந்தப் பார் வண்டியை ஸ்டாண்டு போடவே இன்னும் வரவில்லை.

பால்ரஸ் அண்ணா, ஒரு சந்தேகம். புது சீட்டு கொஞ்சம் உயரமாக இருக்கிறது, அந்தப் பிள்ளை குள்ளம். சீட்டுக் கம்பி கடைசி வரைக்கும் இறங்கிவிட்டது, அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. வேறு சீட்டு மாற்ற வேண்டுமா, இல்லை கம்பியைக் கொஞ்சம் அறுத்துக்கொள்ளலாமா?